சயின்ஸ் அண்ணன் கட்டிய கட்டடம்

கோலாலம்பூரில் இருக்கிற அந்தப் பல்கலைக்கழகத்து விஞ்ஞான ஆராய்ச்சிக் கட்டடத்தைக் கட்டியது யார் என்று கேட்டால் அரசாங்கம் ஒரு பேர் சொல்லும், காண்டிராக்டர் ஒரு பேர் சொல்வார். எங்கள் தோட்டத்தில் கேட்டால் ஒரே பேர்தான். சயின்ஸ் அண்ணன். அதுவும் ஒற்றைக் கையால். இன்னொரு கையில் சுருட்டு இருந்ததாம்.

தம்பின் என்கிற ஊருக்குப் போகிற பாதையில், காட்டை ஒட்டி இருந்தது எங்கள் ரப்பர்த் தோட்டம். இன்றைக்குச் சிரம்பான் நகரத்து லோபாக்கில், சுற்றிலும் கடையும் காருமாக இருக்கிற ஒரு வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அன்றைக்கு நான் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற சின்னக் கிராணி. அதாவது, பெரிய கிராணி எழுதுகிற தப்புக் கணக்குக்குத் துரையிடம் திட்டு வாங்குகிற உத்தியோகம்.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் போட்ட அவசரகாலம் முடிகிற மாதிரி இருந்த சமயம் அது. நாடு சுதந்திரம் வாங்கியாகிவிட்டது. கம்யூனிஸ்டு நடமாட்டம் ஓய்ந்த இடங்களுக்கெல்லாம் 'வெள்ளை' என்று பேர் வைத்து ஊரடங்கை எடுத்துவிட்டார்கள். எங்களுக்குப் பின்னால் காடு இருந்ததால் நாங்கள் மட்டும் கறுப்பிலேயே இருந்தோம். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி. போக வர ஒரே ஒரு கேட். பொழுது சாய்ந்தால் அதையும் பூட்டிவிடுவார்கள். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடுமே என்று, ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூடக் கையில் கொண்டுபோகக் கூடாது. பசியோடு மரத்துக்குப் போய், பசியோடு திரும்பி, பொழுது சாய்ந்ததும் கம்பிக்குள் அடைபட்டுக்கொள்வோம். வெளியே ஒரு நாடு புதிதாகப் பிறந்திருக்கிறது என்று கேள்வி. பார்த்துவிட்டு வந்து சொல்ல எங்களுக்கு இருந்த ஒரே ஆள் சயின்ஸ் அண்ணன்.

அவர் முதலில் தோட்டத்தில் புல்லு வெட்டுகிற கூட்டத்தில் இருந்தார். பிறகு கோலாலம்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அங்கே பெரிய ரப்பர்க் காடு ஒன்றை அழித்துப் பல்கலைக்கழகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். "நம்ம மரத்த வெட்டிட்டு அந்த எடத்துல படிப்ப நடுறாங்க தம்பி" என்பார் என்னிடம். அவர் மனைவி பச்சையம்மா அக்கா இங்கேயே பால் வெட்டில் இருந்தார். அண்ணன் வாரம் முழுக்க அங்கே தகரக் கொட்டகையில் படுத்துக் கிடந்துவிட்டு, சனிக்கிழமை ரயிலேறித் தம்பின் வந்து, பஸ் பிடித்து, கேட் பூட்டுவதற்குள் ஓட்டமும் நடையுமாக வந்து சேருவார்.

அந்தப் பேர் வந்த கதை இது. வேலைக்குப் போன புதிதில் ஒரு சனிக்கிழமை, துண்டில் எதையோ உருண்டையாக முடிந்துகொண்டு கேட்டுக்கு வந்தார். காவலில் இருந்தவர் பாக் மான் என்கிற மலாய்க்காரப் பெரியவர். துப்பாக்கி அவரைவிட உயரம். "ஆப்பா இனி?" என்றார். இது என்ன என்று கேட்கிறார். நம் ஆள் நெஞ்சை நிமிர்த்தி, "சயின்ஸ்!" என்றார்.

பாக் மானுக்கு அந்த வார்த்தை தெரியாது. தெரியாத வார்த்தை, துண்டுக்குள் உருண்டை, பக்கத்தில் காடு. "போம்!", அதாவது குண்டு என்று மலாயில் அலறிக்கொண்டு சாக்கடையில் குதித்தார். அவர் குதித்ததைப் பார்த்து, எங்களை மேய்க்கிற மண்டோர் குதித்தார். மண்டோரே குதிக்கிறாரே என்று காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் இருந்தவர்களெல்லாம் தரையில் படுத்தார்கள். நான் பாய்ந்து ஆபீஸ் மேசைக்கடியில் புகுந்தேன். அங்கே ஏற்கெனவே பெரிய கிராணி இருந்தார்.

அண்ணன் மட்டும் நடுவில் நின்றுகொண்டு, எல்லோரும் எதற்காகக் கும்பிடு போடுகிறார்கள் என்று புரியாமல் துண்டை அவிழ்த்தார். கெட்டிப்பட்ட சிமெண்டுக் கட்டி.

"எங்க கட்டடத்து சிமெண்டுலா. பொஞ்சாதிகிட்ட காட்டலாம்னு எடுத்தாந்தேன்."

அன்றிலிருந்து அவர் சயின்ஸ். சாக்கடையிலிருந்து ஏறி வந்த பாக் மான்கூட அதற்குப் பிறகு "துவான் சயின்ஸ்", சயின்ஸ் ஐயா என்று சலாம் வைத்துத்தான் கேட்டைத் திறந்தார். பச்சையம்மா அக்கா அந்தக் கட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிமெண்டு தம்பின் கடையிலயும்தான் விக்கிது" என்றார். அதைக்கொண்டு எலிப்பொந்தை அடைத்துவிட்டார்.

அக்காவுக்குச் சந்தேகம் வேறு. அதை மூட்டிவிட்டவர்கள் லயத்துப் பெண்கள். "ஒம் புருசன் வாயத் தொறந்தா சயின்சு சயின்சுங்கிறாரே, யாருடி அவ? எந்தத் தோட்டத்துப் பொண்ணாம்?" என்று கேட்டுவிட்டார்கள். அக்கா எப்போதுமே அதிகம் பேசமாட்டார். அவருக்குப் பதிலாகப் பாத்திரங்கள் பேசும். சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் லயத்து முற்றத்தில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நாங்கள் சுற்றி உட்கார, கதை ஆரம்பித்ததும் உள்ளே ஒரு குண்டான் விழும். பொய் பெரிதாக ஆக, விழுகிற பாத்திரமும் பெரிதாகும்.

"எங்க கட்டடத்துல ஒரு ரூம்பு கட்டுறோம். அதுக்குள்ள இருட்டு மட்டுந்தான் வப்பாங்க."

"இருட்டுக்கு எதுக்குண்ணே ரூம்பு? இங்க வந்தா வாளி வாளியா அள்ளிட்டுப் போவலாமே!"

"நம்ம இருட்டு சும்மா இருட்டுலா. அது படிச்ச இருட்டு."

உள்ளே ஒரு தட்டு.

"நாத்தத்துக்குன்னு தனியா ஒரு அலமாரி. கண்ணாடிக் கதவு. எவ்வளவு நாத்தத்த உள்ள வச்சாலும் மேல போயிரும். மூக்குக்குத் தெரியாது."

பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைக்கிற கொட்டகையில் வேலை செய்த ஒருவர் எழுந்து நின்றார். "என்னைய அதுக்குள்ள நிக்க வைக்க முடியுமாண்ணே? வீட்டுல பக்கத்துல சேக்க மாட்டேங்கிறா."

உள்ளே ஒரு குண்டான்.

"மேசைக்கு மேசை பைப்பு வச்சிருக்கு. ஒரு பைப்புல தண்ணி, பக்கத்து பைப்புல நெருப்பு."

இதைக் கேட்டுச் சிரித்தது ஆண்கள்தான். பெண்கள் சிரிக்கவில்லை. லயத்துக்கு ஒரே குழாய் எங்களுக்கு. விடியுமுன்னே குடம் வரிசை கட்டிவிடும். அந்த வரிசையில் சம்பந்தங்களே முறிந்திருக்கின்றன. ஒருத்தி கேட்டாள்: "நெருப்பு கெடக்கட்டும். தண்ணி நாள் முழுக்க வருமா?"

"நாள் முழுக்க வரும்."

பிறகு அவளே, "பொய்" என்றாள். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

பொய்யர் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அடுத்த சனிக்கிழமை அவர் தலை கேட்டில் தெரிகிறதா என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்போம். மழையில் ரயில் தாமதமானால் பாக் மான்கூடப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பூட்டாமல் பாதையைப் பார்ப்பார். எப்போது என்று தெரியாது, அண்ணனின் 'எங்க கட்டடம்' எங்கள் வாயில் 'நம்ம கட்டடம்' ஆகிவிட்டது. காலைப் பெரட்டில் குளிரில் நிற்கும்போது யாராவது, "இந்நேரம் மேல் தளம் போட்டிருப்பாங்கல்ல?" என்பார்கள். வேலிக்குள் நின்ற எங்களுக்கு, எங்கோ ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதே வேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "எல்லாஞ் சரிண்ணே. அதுல கடேசியா என்னாதான் செய்யப் போறாங்க?"

அண்ணன் சுருட்டை அணைத்தார்.

"மருந்து. புள்ளைங்களுக்கு வர்ற காச்சலுக்கு. ஒரே சொட்டு. நாக்குல வச்சா போதும், விடியறதுக்குள்ள எந்திரிச்சு வெளையாடும்."

யாரும் சிரிக்கவில்லை. உள்ளே எந்தப் பாத்திரமும் விழவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். அவர்களுக்குச் செல்லம் என்று ஒரு பெண் குழந்தை இருந்தது. ஊரடங்கு கடுமையாக இருந்த நாட்களில், கேட் பூட்டிய பிறகு அதற்குக் காய்ச்சல் கண்டு உடம்பு வெட்டி இழுத்தது. தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் கேட்டுக்கு ஓடினார்கள். மேலதிகாரியிடம் அனுமதி கேட்டு உத்தரவு வந்து, கேட்டைத் திறந்து, லாரி கிளம்புவதற்குள் பிள்ளை போய்விட்டது. காரியம் முடிந்த கொஞ்ச நாளில்தான் அண்ணன் கோலாலம்பூர் போனார். அந்தப் பேரை அதற்குப் பிறகு அவர் வாயில் யாரும் கேட்டதில்லை. ஊர் சிரிக்கப் பேசுகிற மனிதர், வீட்டுக்குள் போனால் ஊமை. அவர் சொன்ன எதையும் நாங்கள் நம்பியதில்லை. அந்த மருந்தை மட்டும் நம்பினோம்.

கட்டடம் முடிகிற தறுவாயில் ஒரு நாள், "இன்னமே பெயிண்டு அடிக்கிறது ஒண்ணுதான் பாக்கி. தொறப்பு விழாவுக்கு என்னையத்தான் ரிப்பன் புடிக்கச் சொல்லியிருக்காங்க" என்று அவர் ஏற்றிக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. பச்சையம்மா அக்கா வாசலில் நின்றார்.

"என்னையக் கூட்டிட்டுப் போயிக் காட்டு."

முற்றமே திரும்பிப் பார்த்தது. சயின்ஸ் அண்ணன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அப்படி ஒரு காட்சியை அதற்கு முன் தோட்டம் கண்டதில்லை. "அது... ரொம்ப தூரம் பச்ச" என்றார் கடைசியில்.

"நீ வாரா வாரம் போறியே."

அக்கா வேலை நாளில் வெளியே போகத் துரையிடம் அனுமதி வாங்க வேண்டும். அது என் தலையில் விழுந்தது. "எதற்கு?" என்றார் துரை. பக்கத்தில் நின்ற அண்ணனைக் காட்டி, இவர் கோலாலம்பூரில் ஒரு கட்டடம் கட்டினார், அது உண்மைதானா என்று இவர் மனைவி பார்க்க வேண்டுமாம் என்றேன். துரையும் கல்யாணமானவர். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். யாராவது தடுத்தால் பேசுவதற்கு என்னையும் கூடப் போகச் சொன்னார்.

அக்கா கலியாணப் புடவை கட்டிக்கொண்டார். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சிரம்பான் தாண்டியும் திரும்பவேயில்லை. கம்பி வேலி இல்லாத வெளியை அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் வழியெல்லாம் சுருட்டைப் பற்ற வைப்பதும் அணைப்பதுமாக இருந்தார்.

போய்ச் சேர்ந்தோம். செம்மண் மேடு, மிச்சம் இருந்த ரப்பர் மரங்கள், அதற்கு நடுவே வெள்ளைவெளேரென்று கட்டடம். அது நிஜமாகவே இருந்தது! ஆனால் காண்டிராக்டரின் ஆட்களெல்லாம் கிளம்பிப் போய்விட்டார்கள். வாசலில் புதிதாக ஒரு காவலாளி. "உள்ள போவணும்" என்றார் அண்ணன். "நீ யார்?" என்றான் அவன் மலாயில். "நான்தான் இதக் கட்டினேன்" என்றார் இவரும் மலாயில். காவலாளி இவருடைய காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், சிரித்தான்.

அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "சரி தம்பி, வெளியிலேருந்து பாத்துட்டுப் போயிருவோம்" என்றார் என்னிடம்.

அப்போதுதான் பச்சையம்மா அக்கா புடவையை இழுத்துச் செருகினார். இத்தனை வருஷம் பாத்திரத்தில் காட்டியதெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"யாரப் பாத்துச் சிரிக்கிற? எங்க வீட்டுக்காரு பொய்யா சொல்றாரு? சுவாமி சாயா பூவாட்! தெரியுமா? சுவாமி சாயா!"

என் புருஷன் கட்டியது என்று மலாயில் சொல்கிறார். மலாயில் 'சுவாமி' என்றால் புருஷன். தமிழ்க் காதுக்கு, சாமியே இறங்கி வந்து கட்டிய மாதிரி கேட்டது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் இளைஞர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், புதிதாக வேலைக்கு வந்த விரிவுரையாளர்.

"ஆர் நீங்கள்? என்ன சத்தம்?"

"இவருதான் இதக் கட்டினவரு. உள்ள உட மாட்டேங்கிறான்" என்றார் அக்கா.

"அப்பிடியோ? வாங்கோ, வாங்கோ. எனக்கே இன்னும் இதுக்குள்ளை வழி தெரியேல்லை. நீங்கள் வந்து காட்டுங்கோ."

சயின்ஸ் அண்ணனுக்கு உயிர் வந்தது. முன்னால் நடந்தார். உள்ளே பெயிண்டு வாசனை. நீளமான மேசைகள். ஒவ்வொன்றிலும் குழாய். அக்கா ஒன்றைத் திருகினார். தண்ணீர் வந்தது. மூடினார். அடுத்த மேசைக்குப் போய்த் திருகினார். வந்தது. அந்த அறையில் இருந்த அத்தனை குழாயையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு கை ஏந்திப் பார்த்து, மூடிவிட்டு வந்தார்.

நாற்றத்துக்கு அலமாரி இருந்தது, கண்ணாடிக் கதவோடு. இருட்டு அறையும் இருந்தது. படம் கழுவுவதற்காம். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "நல்ல இருட்டு" என்றார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்ல? தோட்டமே பொய் என்று சிரித்ததெல்லாம் வரிசையாக உண்மையாகிக்கொண்டு வந்தது. அவர் ஓர் அங்குலம் வளர்ந்தே விட்டார்.

"அந்த மருந்து ரூம்பு எங்க?" என்றார் அக்கா.

விரிவுரையாளருக்குப் புரியவில்லை. "மருந்தோ? இஞ்சை மருந்து ஒண்டும் செய்யிறேல்லை அம்மா. செடி, இலை, பூச்சி இதுகளைப் பற்றித்தான் ஆராயிறது." அப்புறம் அண்ணனின் முகத்தைப் பார்த்தார். தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று தெரிந்திருக்க வேண்டும். "ஆனால், பிறகு ஒரு காலத்திலை..." என்று இழுத்தார்.

"வேணாம் சார்" என்றார் அண்ணன். அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "அப்படி ஒரு ரூம்பு இல்ல, பச்ச. அது மட்டும் நானா சொன்னது."

குண்டான் விழும் என்று நான் காத்திருந்தேன். அங்கே குண்டான் ஏது?

"இதுல நீ கட்டினது எது?" என்றார் அக்கா.

"எல்லாந்தான்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவர், நிறுத்தினார். "மாடிப்படி. அதுக்குக் கலவை தூக்கினேன்."

அக்கா போய் அந்தப் படியில் உட்கார்ந்தார். பக்கத்தில் கையால் தட்டினார். "வந்து ஒக்காரு."

நானும் விரிவுரையாளரும் ஒரு வெற்றுக் கண்ணாடிக் குடுவையைத் தேவைக்கு மேல் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆனாலும் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"என்னைய மட்டும் அங்க உட்டுட்டு வந்துட்ட."

"அந்தக் கேட்டப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியல, பச்ச."

"நான் தெனம் பாத்தேன்ல?"

படியைக் கையால் தடவிக்கொண்டே அந்த மனிதர் "செல்லம்" என்றார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அக்கா தன் முந்தானையை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தார். விரிவுரையாளர் குடுவையைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் பேசியது முழுக்க அக்காதான். அண்ணன் வெறுமனே "ம்" கொட்டிக்கொண்டு வந்தார். நான் எதிர் சீட்டில் தூங்குகிற மாதிரி இருந்தேன்.

தோட்டத்தில் கேட்டருகே ஊரே நின்றது. எல்லோர் கண்ணும் அக்கா மேல்தான். அண்ணனை ஒருவர் கேட்கவில்லை.

"பாத்தேன்" என்றார் அக்கா. "பைப்பு நெசந்தான். நாள் முழுக்க வருது. இருட்டும் நெசந்தான்."

"அந்த மருந்து?" என்று ஒருத்தி கேட்டாள். இடுப்பில் பிள்ளை வைத்திருந்தாள்.

அண்ணன் என் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார்.

"அது இதுல இல்லடி. இது சின்னக் கட்டடம். அதுக்குத் தனியா பெரிசா ஒண்ணு கட்டப் போறாங்களாம். ஆள் பத்தலயாம். அதான் நானும் போறேன், கலவை தூக்க."

சயின்ஸ் அண்ணன் அவரைப் பார்த்த மாதிரி, புளுகுத் தொழிலில் ஒருவன் தன்னைவிடப் பெரிய தொழிலாளியைத்தான் பார்ப்பான்.

சொன்னபடியே போனார்கள். வழியனுப்பத் தம்பின் ஸ்டேஷனுக்கு நான் போனேன். ஓர் இரும்புப் பெட்டி, ஒரு சாக்கு மூட்டை, கூடையில் ஒரு கோழி. ரயில் நகர்ந்ததும் அண்ணன் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, "அடுத்தது பன்னெண்டு மாடி தம்பி! மேல நின்னா கடல் தெரியும்!" என்று கத்தினார். பின்னாலிருந்து அக்காவின் குரல், "பதினஞ்சுன்னு சொல்லு!" என்றது.

கொஞ்ச காலத்தில் எங்கள் வேலியையும் பிரித்துவிட்டார்கள். அவரவர் நினைத்த நேரத்தில் வெளியே போனோம், வந்தோம். பிள்ளைகள் பெரியவர்களாகிச் சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் சிதறிப்போனார்கள். அந்த இரண்டு பேரையும் நான் மறுபடி பார்க்கவேயில்லை. விசாரிக்காத ஆளில்லை.

அன்றைக்கு ரயில் வளைவில் திரும்பும்போது அண்ணன் கையை ஆட்டி ஆட்டி இன்னும் ஏதோ சொன்னார். இஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. என்ன புளுகாக இருந்தாலும் சரி, அதையும் கேட்டிருக்கலாம்.